இடக்கைக்கு ஓர் எலெக்ட்ரிக் கிற்றார்

எங்கள் வீடுகளில் பிள்ளை வாத்தியம் பழகுவது என்றால் ஏற்கெனவே எழுதி வைத்த பட்டியல் ஒன்று உண்டு. பெண் பிள்ளை என்றால் வீணை, வயலின், இல்லாவிட்டால் வாய்ப்பாட்டு. ஆண் பிள்ளை என்றால் மிருதங்கம். இரண்டு பேருக்கும் பொதுவாக பியானோ. நானும் அந்தப் பட்டியலில் வளர்ந்தவள்தான். ஸ்காபரோவில் சனிக்கிழமை காலையில் தமிழ் வகுப்பு, பின்னேரம் வீணை வகுப்பு, இடையில் காருக்குள் இருந்து சாப்பிட்ட இடியப்பம். இதை வாசிக்கிற பலருக்கு அந்தக் காரின் மணமே ஞாபகம் வரும்.

எலெக்ட்ரிக் கிற்றார் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் போன வருடம் என் பன்னிரண்டு வயது மகள் அதைக் கேட்டபோது, யாரிடம் போய் விசாரிப்பது என்றே தெரியவில்லை. வீணை வாங்க வேண்டும் என்றால் பத்து மாமிமார் ஆலோசனை சொல்ல ஓடி வருவார்கள். "தஞ்சாவூரில இருந்து எடுப்பியுங்கோ, ஏகாண்ட வீணையாப் பாருங்கோ" என்று எல்லாம் வரும். கிற்றாருக்கு ஒருவரும் இல்லை. நாங்களாகத் தேடி, மூன்று கடை ஏறி இறங்கி, கடைசியில் வாங்கினோம். அதில் தெரிந்து கொண்டவற்றை எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இப்போது கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் இல்லாத கிற்றாரை வாசித்துக்கொண்டு இருக்கலாம்.

அந்த இல்லாத கிற்றாரை எந்தக் கையால் வாசிக்கிறது என்று மட்டும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அம்மாவும் அப்பாவும் எங்களோடுதான் இருக்கிறார்கள். அப்பாவின் முதல் கேள்வி எதிர்பார்த்ததுதான்.

"உது எங்கட வாத்தியமோ?"

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. அப்பா நாற்பது வருடமாகப் பாதுகாத்து வைத்திருக்கிற கசெற்றுகளில் பாதி மாண்டலின் ஸ்ரீநிவாஸ். அவர் கையில் இருந்தது சாதாரண மாண்டலின் இல்லை, எலெக்ட்ரிக் மாண்டலின். மேற்கத்திய மாண்டலினில் நாலு சோடித் தந்திகள் இருக்கும். அவர் கமகம் பிடிப்பதற்காக அதை ஐந்து ஒற்றைத் தந்திகளாக மாற்றிக்கொண்டார். அந்த வாத்தியத்தோடுதான் கச்சேரி மேடை ஏறி, 1998 இல் பத்மஸ்ரீ வரைக்கும் போனார். பார்க்கப் போனால் அது எலெக்ட்ரிக் கிற்றாருக்குத் தம்பி. வயலின்கூட இருநூறு வருடத்துக்கு முதல் நாங்கள் வெள்ளைக்காரரிடம் இருந்து எடுத்ததுதானே. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் அப்படிச் செய்தால் அரைவாசி சம்மதம்.

மற்ற அரைவாசியை வாங்கித் தந்தது லியோ ஃபெண்டர் என்ற மனிதர். அப்பா யாழ்ப்பாணத்தில் ரேடியோ திருத்தியவர். 1951 இல் டெலிகாஸ்டர், 1954 இல் ஸ்ட்ராடோகாஸ்டர் என்று இன்றைக்கும் எல்லாக் கடைச் சுவரிலும் தொங்குகிற கிற்றார்களைக் கொண்டு வந்த லியோ ஃபெண்டரும் கலிஃபோர்னியாவில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தவர்தான். அவருக்குக் கிற்றார் வாசிக்கவே தெரியாது. ஒரு திருத்துகிறவனின் மூளையோடு யோசித்ததால்தான், கழுத்தை உடலோடு ஒட்டாமல் திருகாணி போட்டுப் பூட்டினார். பழுதானால் கழற்றலாம். இதை நான் வாசித்துச் சொல்லச் சொல்ல அப்பா கதிரையை இழுத்துக் கிட்டப் போட்டுக்கொண்டார். "அப்ப உள்ளுக்க கொயில்தான் வேலை செய்யுது, என்ன?" என்றார்.

ஓம், கொயில்தான். தந்திகளுக்குக் கீழே காந்தங்கள் இருக்கும், அவற்றைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியிருக்கும். இதைத்தான் பிக்கப் என்கிறார்கள். இரும்புத் தந்தி அதிரும்போது காந்தப் புலம் குலுங்கும், கம்பியில் சின்னதாக மின்சாரம் பிறக்கும், அது வயர் வழியாக ஆம்ப்புக்குப் போய்ச் சத்தமாகும். நைலோன் தந்தி போட்டால் ஊமையாகிவிடும். ஒற்றைக் கொயில் பிக்கப்புக்கு ஒரு குணம் உண்டு, வீட்டு மின்சாரத்தின் இரைச்சலையும் சேர்த்துப் பிடித்துவிடும். கனடாவில் அது 60 ஹேர்ட்ஸ். அந்த இரைச்சலை அடக்கத்தான் 1955 இல் கிப்சன் கம்பனியில் சேத் லவர் என்பவர் இரண்டு கொயில்களை எதிர் எதிராகச் சேர்த்து ஹம்பக்கர் என்று ஒன்றைச் செய்தார். ஒற்றைக் கொயிலின் சத்தம் தெளிவாக, கொஞ்சம் கூர்மையாக இருக்கும். ஹம்பக்கரின் சத்தம் தடிப்பாக இருக்கும். பிள்ளை என்ன பாட்டுக் கேட்கிறது என்று பார்த்தால் எது வேண்டும் என்று ஓரளவு விளங்கும். இன்னும் ஒன்றையுமே முடிவு செய்யாத பிள்ளை என்றால், இரண்டும் கலந்து வருகிற கிற்றார்கள் இருக்கின்றன. அவைதான் நல்லது.

"முதலில் அக்கூஸ்டிக்கில் பழகட்டும், கை பழகின பிறகு எலெக்ட்ரிக் வாங்கலாம்" என்று பலர் சொல்வார்கள். எனக்கும் நாலு பேர் சொன்னார்கள், அதில் மூன்று பேர் கிற்றாரைத் தொட்டதே இல்லை. இரும்புத் தந்தி அக்கூஸ்டிக்கில் மெல்லிய தந்தியே பெரும்பாலும் 0.012 அங்குலத் தடிப்பு. எலெக்ட்ரிக்கில் அது 0.009 அல்லது 0.010. கேட்க ஒன்றுமில்லாத வித்தியாசம் மாதிரித் தெரியும், ஆனால் முதல் மாதம் நுனிவிரல் வீங்கி நிற்கிற பிள்ளையிடம் கேளுங்கள். அதோடு எலெக்ட்ரிக்கின் கழுத்தும் பெரும்பாலும் ஒடுக்கம், சின்னக் கைக்குச் சுலபம். இதெல்லாம் இருக்க, என் பார்வையில் பெரிய காரணம் வேறு. பிள்ளை கேட்டது அந்தச் சத்தத்தை. வேறு சத்தத்தைக் கொடுத்து, இதில் இரண்டு வருடம் தவம் செய், பிறகு உனக்கு வேண்டியதைத் தருகிறேன் என்றால் எத்தனை பிள்ளைகள் அந்த இரண்டு வருடத்தைத் தாண்டும்?

அம்மாவின் கவலை சத்தம் பற்றியது. "ரோட்டால போறவன் வந்து கதவு தட்டப் போறான்" என்றா. உண்மையில் எலெக்ட்ரிக் கிற்றார் மாதிரி அமைதியான வாத்தியம் வேறு இல்லை. கட்டை உடல், உள்ளே வெற்றிடம் கிடையாது, வயர் செருகாமல் வாசித்தால் அடுத்த அறைக்குக்கூடக் கேட்காது. வயர் செருகினாலும் ஆம்ப்பில் ஹெட்ஃபோன் துளை இருந்தால் பிள்ளைக்கு மட்டும்தான் கேட்கும். அடுக்குமாடியில் இருக்கிறவர்களுக்கு அக்கூஸ்டிக்கைவிட, வயலினைவிட இதுதான் வசதி. மிருதங்கக்காரர்கள் மன்னிக்கவும்.

இனிக் கை விஷயம்.

என் மகள் இடக்கைக்காரி. எழுதுவது, பல் தீட்டுவது, பந்து எறிவது எல்லாம் இடது. சாப்பாடு மட்டும் வலது, அது அம்மம்மாவின் கட்டளை. தமிழில் இடக்கைக்கு இருக்கிற பேச்சுச் சொற்களை யோசித்துப் பாருங்கள்: நொட்டாங்கை, பீச்சாங்கை. மரியாதையான ஒன்றுகூட இல்லை.

நானும் இடக்கைக்காரியாகப் பிறந்தவள்தான். பென்சிலை இடக்கையில் எடுக்கும் ஒவ்வொரு தடவையும் அம்மா பக்கத்தில் வந்து இருந்து, அடிக்காமல் ஏசாமல், மெதுவாக எடுத்து வலக்கையில் வைப்பா. எத்தனை நூறு தடவை என்று தெரியாது. இன்றைக்கு நான் வலக்கையால் எழுதுகிறேன், இடக்கையால் வெங்காயம் வெட்டுகிறேன். வீணையில் வலக்கை மீட்ட வேண்டும் என்றார்கள், மீட்டினேன். ஒன்பது வருடம். தாளம் எப்போதும் ஒரு மயிரிழை பிந்தித்தான் வரும். ரீச்சர் "கவனம் இல்லை" என்பா. கவனம் இருந்தது. கைதான் என்னுடையதாக இல்லை என்று இப்போது நினைக்கிறேன், ஆனால் அதை நிரூபிக்க வழி இல்லை. இடக்கையால் வீணை மீட்டின இன்னொரு நான் எங்கேயும் இல்லையே, ஒப்பிட்டுப் பார்க்க.

முதல் கடையில் சுவர் முழுக்கக் கிற்றார். நூறுக்கு மேல் இருக்கும். இடக்கைக்கு நாலு, அதுவும் ஒரு மூலையில், கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில். கடைக்காரப் பெடியன் நல்லவன், பொறுமையாகத்தான் கதைத்தான். "வலக்கைக் கிற்றாரிலேயே பழக்குங்கள்" என்றான். அவன் சொன்ன காரணங்கள் பொய் இல்லை. இடக்கைக் கிற்றார் எந்தக் கம்பனியிலும் நாலைந்து வகைதான் வரும், பிடித்த நிறம் கிடைக்காது, பழையது தேடினால் அகப்படாது. பள்ளிக்கூடத்தில், சிநேகிதர் வீட்டில் இருப்பதெல்லாம் வலக்கைக் கிற்றார், எடுத்து வாசிக்க முடியாது. அதோடு, கழுத்தில் விரல் வைத்து அழுத்துகிற கைக்குத்தானே நுணுக்கமான வேலை, இடக்கைக்காரருக்கு அது இன்னும் சுலபம் அல்லவா என்றான். மார்க் நோஃப்ளர் இடக்கைக்காரர், வலக்கைக் கிற்றார்தான் வாசிக்கிறார். கேரி மூரும் அப்படித்தான்.

மறுபக்கத்துக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வலக்கை ஸ்ட்ராடோகாஸ்டரைத் தலைகீழாகத் திருப்பி, தந்திகளை மாற்றிப் போட்டு வாசித்தார். ஆல்பர்ட் கிங் தந்திகளைக்கூட மாற்றவில்லை, அப்படியே கவிழ்த்து வாசித்தார். பிளாக் சப்பாத் குழுவின் டோனி அயோமியின் கதை இன்னும் கடுமை. இடக்கைக்காரர், அதனால் தந்தியை அழுத்துவது வலக்கை. பதினேழு வயதில் பர்மிங்ஹாமில் தொழிற்சாலை இயந்திரத்தில் அந்த வலக்கையின் இரண்டு விரல் நுனிகள் போய்விட்டன. கிற்றாரைத் திருப்பிப் பிடித்து மறுகையால் பழகியிருக்கலாம். அவர் பிளாஸ்டிக்கை உருக்கி விரல் நுனி செய்து மாட்டிக்கொண்டு இடக்கையாகவே வாசித்தார்.

திருப்பிப் பிடித்தால் சரிதானே, பிறகேன் தனியாக இடக்கைக் கிற்றார் என்று நானும் கேட்டேன். முடியும், ஆனால் வசதி இல்லை. மேலே தந்தி உட்காருகிற சின்னக் கட்டையில் ஒவ்வொரு தந்தியின் தடிப்புக்கும் ஏற்ற வெட்டு இருக்கும், மாற்றிப் போட்டால் தடித்த தந்தி மெல்லிய வெட்டில் இறங்காது. சத்தம் கூட்டிக் குறைக்கிற குமிழ்கள் முழங்கைக்குக் கீழே வந்து நிற்கும், வாசிக்கும்போது தானாகத் திரும்பிவிடும். உடலில் மேல் பகுதிகளை அடைய வெட்டிய வளைவும் தப்பான பக்கத்தில் இருக்கும். ஹெண்ட்ரிக்ஸ் சமாளித்தார். பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஏன் சமாளிக்க வேண்டும்?

அன்றைக்கு ஒன்றும் வாங்காமல் வந்தோம். ஒரே நாளில் வாங்காமல் வருவது, பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும், நல்ல பழக்கம்.

இரண்டாவது கடைக்கு அம்மாவும் வந்தா. வீட்டில் தனிய இருக்க அலுப்பு என்றா. அங்கே இருந்தவர் நரைத்த தாடிக்காரர், தானும் வாசிக்கிறவர். மகளிடம் ஒன்றும் விளக்கவில்லை. ஒரு முக்காலியில் இருத்தி, வலக்கைக் கிற்றார் ஒன்றைக் கொடுத்து, ஒரு தந்தியை மட்டும் மேலும் கீழுமாகச் சீராகத் தட்டச் சொன்னார். பத்து நிமிடம். பிறகு அதை வாங்கி வைத்துவிட்டு இடக்கைக் கிற்றார் ஒன்றைக் கொடுத்து அதையே செய்யச் சொன்னார். எந்தப் பிள்ளைக்கும் தொடக்கத்தில் இரண்டு கையும் தடுமாறும், அழுத்துகிற விரல் எப்படியும் பழகி வரும், தாளம் எந்தக் கையில் இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்பது அவர் கணக்கு. எனக்கு இசை அவ்வளவு தெரியாது. ஆனால் வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. முதல் கிற்றாரில் அவள் எண்ணினாள், உதடு அசைந்தது. இரண்டாவதில் உதடு அசையவில்லை, கால் அசைந்தது.

நான் விலை, தெரிவு, பழையதாக விற்கும்போது கிடைக்கிற காசு என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு நின்றேன். அம்மா பின்னால் இருந்து தமிழில் சொன்னா:

"அவள் எல்லாம் அந்தக் கையாலதானே செய்யிறாள். பேந்தென்ன யோசினை?"

நான் திரும்பிப் பார்த்தேன். அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கோயிலில் இருக்கிற மாதிரி இருந்தா.

காரில் வரும்போது மகள் பின்னால் காதில் பாட்டைப் போட்டுக்கொண்டு இருந்தாள். நான் கேட்டேன், "என்ர கையை மட்டும் ஏனம்மா மாத்தினனீங்கள்?" கோபமாக இல்லை, சும்மாதான். அம்மா கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தா.

"எங்களுக்கு உது பிழை எண்டுதானே பிள்ளை சொல்லித் தந்தவை. பள்ளிக்கூடத்தில இடக்கையால எழுதினா அடிமட்டத்தால மொளியில அடிப்பினம். என்ர தங்கச்சி வாங்கினவள். நீயும் வாங்கப் போறாய் எண்டு பயம்."

நான் பள்ளிக்கூடம் போனது ஸ்காபரோவில். அங்கே யாரும் அடிமட்டம் தூக்கவில்லை. அதை நான் சொல்லவில்லை. வோர்டன் அவெனியூவில் சிவப்பு விளக்கு விழுந்தது. "கறிவேப்பிலை முடிஞ்சுது, கடையில ஒருக்கா நிப்பாட்டு" என்றா.

இனி வாங்கின கதை. மகளுக்கு வேண்டியது கடல் பச்சை நிறம். வலக்கையில் அந்தப் பச்சை கிடைக்கிறது, இடக்கையில் இல்லை. எங்களுக்குக் கிடைத்த தெரிவு கறுப்பு, இல்லாவிட்டால் வெறும் மர நிறம். அவள் அழவில்லை, ஆனால் அன்றிரவு சாப்பாடு குறைவு. கடைசியில் யமஹா பசிஃபிகா 112 இன் இடக்கை வடிவம், கறுப்பு. 430 டொலர். நடுவிலும் கழுத்துப் பக்கத்திலும் ஒற்றைக் கொயில், பாலத்துக்குப் பக்கத்தில் ஹம்பக்கர், ஆகவே எந்தப் பாட்டுக்கும் ஒத்துப் போகும். ஸ்குவயர் கம்பனியிலும் அதே அளவு விலையில் இடக்கை ஸ்ட்ராடோகாஸ்டர் இருந்தது, அதுவும் நல்லதுதான். இரண்டையும் மடியில் வைத்துப் பார்த்து இதன் கழுத்துத்தான் கைக்குள் அடங்குகிறது என்றாள்.

அளவு பற்றி ஒரு சொல். ஃபெண்டர் வகைகளில் தந்தி அதிர்கிற நீளம் 25.5 அங்குலம், கிப்சன் வகைகளில் ஏறக்குறைய 24.75. நீளம் குறைந்தால் விரல்கள் அவ்வளவு விரிய வேண்டாம், தந்தியும் கொஞ்சம் இளகி இருக்கும். பன்னிரண்டு வயதுக்கு இரண்டும் சரி. எட்டு, ஒன்பது வயது என்றால் 22.75 அங்குல மினி கிற்றார்கள் இருக்கின்றன. பாரத்தையும் பாருங்கள். லெஸ் போல் வகை பார்க்க அழகு, ஆனால் நாலு கிலோவுக்கு மேல் போகும், அதைத் தோளில் மாட்டிக்கொண்டு அரை மணித்தியாலம் நிற்கிற பிள்ளை பிறகு கட்டிலுக்குத்தான் போகும். தந்திகள் இரண்டு பக்கமும் பூட்டிக் கிடக்கிற ஃபிளொய்ட் ரோஸ் பாலம் உள்ள கிற்றாரை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், தொடங்குகிற பிள்ளைக்கு வாங்க வேண்டாம். ஒரு தந்தி அறுந்தால் எல்லாத் தந்தியும் சுருதி கலையும், திரும்பச் சரிக்கட்ட ஒரு பின்னேரம் போய்விடும்.

பெட்டிக்குள் கிற்றார், ஆம்ப், வயர், வார் எல்லாம் சேர்த்து ஒரு விலை என்று விற்கிற பொதிகளைப் பார்த்திருப்பீர்கள். மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதில் வருகிற ஆம்ப்பின் சத்தம் தேனீக்கூட்டுக்குள் ரேடியோ வைத்த மாதிரி இருந்தது. நாங்கள் ஆம்ப்பைத் தனியாக, பழையதாக, கிஜிஜியில் பார்த்து வாங்கினோம். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். 10 வாட், ஹெட்ஃபோன் துளை உள்ளது. படுக்கை அறைக்கு அதற்கு மேல் வேண்டாம். விற்கிறவர் 90 டொலர் சொன்னார். அப்பா குமிழ் ஒவ்வொன்றையும் மெதுவாக இந்தக் கரையில் இருந்து அந்தக் கரை வரை திருப்பினார். ஒன்றில் கரகர என்று சத்தம் வந்தது. அப்பா என்னைப் பார்த்து, "உள்ளுக்கத் தூசி, ஸ்பிரே அடிச்சாச் சரி" என்று தமிழில் சொல்லிவிட்டு, விற்கிறவரிடம் முகத்தை மிகவும் கவலையாக வைத்துக்கொண்டார். 70 டொலருக்குத் தந்தார். வீட்டுக்கு வந்து பத்து நிமிடத்தில் கரகர போய்விட்டது. அப்பா அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் இருந்ததை நான் என் பட்டமளிப்பு விழாவில்கூடப் பார்க்கவில்லை.

வயர் 20, வார் 15, நிறுத்தி 20, பிக்குகள் 5. நிறுத்தியை வீண் செலவு என்று நினைக்க வேண்டாம். பைக்குள் வைத்துச் சிப் பூட்டின கிற்றாரைப் பிள்ளை கிழமைக்கு இரண்டு தரம்தான் எடுக்கும். கண்ணுக்கு முன்னால் நிற்கிறதை, போகிற வருகிற நேரம் எல்லாம் எடுக்கும். சுருதி பார்க்க ஃபோனில் இலவசச் செயலி போதும். கடையில் வாங்கினதற்கு 13 வீத வரி. பிறகு 60 டொலரும் வரியும் கொடுத்து ஒரு திருத்துகிறவரிடம் கிற்றாரைச் சீர் செய்யக் கொடுத்தோம். எல்லாமாக 700 டொலருக்குக் கொஞ்சம் குறைவு. அவ்வளவு ஒரேயடியாகப் போட விருப்பம் இல்லை என்றால், கனடாவில் லோங் அண்ட் மக்குவேட் மாதிரிக் கடைகளில் மாத வாடகைக்கும் எடுக்கலாம். பிள்ளை மூன்று மாதத்தில் விட்டுவிடும் என்று சந்தேகம் இருந்தால் அதுதான் புத்தி.

அந்த 60 டொலர்ச் சீர் செய்தல் பற்றி யாரும் முதலில் சொல்வதில்லை. புதுக் கிற்றார் தொழிற்சாலையில் இருந்து வரும்போது தந்திகள் கழுத்தில் இருந்து தேவைக்கு மேல் உயர்ந்து நிற்கும், அழுத்த விரல் நோகும். பிள்ளை தனக்குத்தான் வரவில்லை என்று நினைத்துக்கொள்ளும். கழுத்துக்குள் ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது, அதை முறுக்கிக் கழுத்தின் வளைவைச் சரி செய்வார்கள், பாலத்தில் தந்தியின் உயரத்தை இறக்குவார்கள். திரும்பி வந்தபோது அது வேறு வாத்தியம். நானே அழுத்திப் பார்த்தேன், வெண்ணெய்.

குளிர் நாட்டில் இருக்கிறவர்களுக்கு இன்னொன்று. ஜனவரியில் வீட்டுக்குள் ஹீற்றர் ஓடும்போது காற்று காய்ந்துவிடும், கழுத்து மரம் சுருங்கும், குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள் சுருங்காது. அவற்றின் முனை ஓரத்தில் நீட்டிக்கொண்டு கையைக் கீறும். எங்களுக்கு அது இரண்டாவது மாதமே வந்தது. கிற்றார் பழுது இல்லை, காற்றுத்தான். அறையில் ஈரப்பதன் 40 இல் இருந்து 50 வீதத்துக்குள் நிற்க ஓர் ஈரமாக்கி வைத்தோம். அம்மாவின் மூக்கு அடைப்பும் அதோடு குறைந்தது. அந்த இயந்திரம் இப்போது யாருடைய அறையில் இருக்க வேண்டும் என்று வீட்டில் தினமும் ஒரு வழக்கு நடக்கிறது.

ரீச்சர் கிடைப்பது கடினமாக இருக்கும் என்று பயந்தேன். இடக்கைக்குத் தனி ரீச்சர் தேவை இல்லை. வலக்கை ரீச்சருக்கு முன்னால் இடக்கைப் பிள்ளை இருந்தால் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி அப்படியே தெரியும், மற்றப் பிள்ளைகள்தான் மனதுக்குள் திருப்பிப் பார்க்க வேண்டும். புத்தகத்தில் இருக்கிற விரல் படங்கள்தான் கொஞ்சம் குழப்பம், அதற்கு இடக்கைப் பதிப்புகள் கிடைக்கின்றன.

ஒன்பது மாதம் ஆகிறது. ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு வாசிப்பதால் வெளியே கேட்பது தந்தியில் பிக் படுகிற டிக் டிக் சத்தம் மட்டும்தான். இப்போது முறைப்பாடு மறுபக்கமாக வருகிறது. "ஒண்டும் கேக்கேல்லை, என்னத்தை வாசிக்கிறாள் எண்டு ஆருக்குத் தெரியும்" என்று அம்மா. ஞாயிறு பின்னேரம் அரை மணித்தியாலம் ஹெட்ஃபோன் கழற்ற வேண்டும் என்று ஒப்பந்தம். அப்பா ஒரு ஸ்ரீநிவாஸ் கசெற்றில் இருந்து ஒரு துண்டை எழுபது தரம் போட்டுக் காட்டி அதை வாசி என்கிறார். அவள் முதல் நாலு ஸ்வரம் பிடித்துவிட்டாள், ஐந்தாவது கமகத்துக்குத் தந்தியை மேலே தள்ளி வளைக்க வேண்டும், விரலில் இன்னும் பலம் வரவில்லை.

அவள் இப்போது டிஸ்டோர்ஷன் பெடல் கேட்கிறாள். அதற்கு இடக்கை, வலக்கை கிடையாது, காலால் மிதிப்பது. பழையதாக 50 டொலருக்குள் கிடைக்கிறதா என்று அப்பா கிஜிஜியில் பார்த்துக்கொண்டு இருக்கிறார்.